நர்சம்மா பதில்கள்: ஏலக்காட்டுக்குப் போகிறவர்கள் யார் கணக்கில்?

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இப்போதும் கூடலூரில்தான் இருக்கிறேன். இல்லாதவருக்கும் இருப்பவருக்கும் இடையே உடல்நலத்தில் உள்ள இடைவெளியை அரசுத் திட்டங்கள் குறைத்திருக்கின்றனவா, உங்கள் அனுபவம் என்ன என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே அதிகம். சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நர்சம்மா, விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப் ஏறி கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் விளையும் ஏலக்காட்டுக்குப் போகிறேன். வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிறது. எனக்கு பிரஷரும் சுகரும் இருக்கின்றன. வீடு தேடி மாத்திரை தரும் அக்கா பகலில் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். நான் என்ன செய்வது?
*ஒரு வாசகி, கம்பம்*

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பல ஆண்டுகள் வலியே காட்டாமல் உள்ளுக்குள் வேலை செய்பவை. வலிக்காத நோய்க்காகக் கூலியை விட்டுவிட்டு எந்த ஏழையும் வரிசையில் நிற்க மாட்டார். அதனால் மாத்திரை வீட்டுக்கே போகட்டும் என்று முடிவு செய்தார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இதே திட்டத்தில்தான் வீட்டுக்கு வருகின்றன. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால், பக்கவாதத்தில் விழுந்த எத்தனையோ பேர் நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பகலில் வீட்டில் ஆள் இருப்பார் என்று எண்ணித்தான் திட்டத்தை வகுத்திருக்கிறார்கள். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களில் விடியும் முன்பே தெருவில் பாதிப் பெண்கள் மலை ஏறிவிடுகிறார்கள். கம்பம்மெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், போடிமெட்டு வழியாகவும் ஜீப்புகள் போகின்றன. மாத்திரை தேவைப்படும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களே அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் முதியவருக்கு மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது. அவருக்குச் சோறு போட உழைக்கும் மருமகளுக்குக் கிடைப்பதில்லை.

உடனே செய்யக்கூடியது இது. மாத்திரை கொண்டுவருபவர் பெரும்பாலும் உங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர், உங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமையோ, தோட்டத்தில் வேலை இல்லாத நாளிலோ அவர் வீட்டுக்கே சென்று பெயரைச் சரிபார்த்து, இரவில் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துப் போகும்படி கேளுங்கள். ஆனால் மாத்திரை மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அளக்காமலே ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிரந்தரத் தீர்வு ஜீப் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. கர்ப்பிணிகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, நாங்கள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஜீப் நிறுத்தத்துக்குப் போய் நின்றோம். ஜீப் நிரம்ப ஆகும் நேரத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிடலாம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிடலாம். தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024-இல் வந்தது. நீங்கள் வேலை செய்யும் இடம் கேரளத்தில் இருப்பதால் தமிழ்நாட்டின் வண்டி அங்கே வராது. ஆனால் நீங்கள் ஜீப் ஏறும் இடம் தமிழ்நாட்டு மண். அதையே வேலை செய்யும் இடமாகக் கொண்டு அங்கே பரிசோதனை நடத்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வட்டார மருத்துவ அலுவலர் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம்.

தோட்டத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. இதற்கும் அரசுக்கும் சம்பந்தம் உண்டா?
*ஒரு வாசகி, கோம்பை*

நேரடிச் சம்பந்தம் உண்டு. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தபோதே குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி, குடியிருப்பு எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக எழுதியது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. தேயிலை, காப்பி, ரப்பர் ஆகியவற்றோடு ஏலத்தோட்டத்துக்கும் அது பொருந்தியது. இப்போது அந்தக் கடமைகள் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

உங்களைப் போன்றவர்கள் நழுவி விழுந்த இடம் அந்தச் சட்டத்தின் அளவுகோல். 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் தோட்டம் என்றது அது. உடும்பன்சோலை, வண்டன்மேடு பக்கத்தில் பல ஏலக்காடுகள் அதைவிடச் சிறியவை. இன்று ஒரு காட்டில், நாளை வேறொரு காட்டில் காய் எடுக்கும் பெண்ணுக்கு முதலாளி யார் என்பதே ஜீப் டிரைவருக்குத்தான் தெரியும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். நீர்க்கடுப்போடு காய்ச்சலோ முதுகின் பக்கவாட்டில் வலியோ வந்தால் சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறுகிறது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பாருங்கள், கடையில் மாத்திரை வாங்காதீர்கள். மருந்து தெளித்த காட்டில் அன்றே காய் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏலம் அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கப்படும் பயிர். தெளித்த செடிக்குள் கை விட்டவர்கள் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் அப்படியே சோற்றுத் தூக்கைத் திறப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் தகரக் கதவு போட்ட ஒரு கழிப்பறையும் இருந்தால் தீருகிற நோய்கள் இவை. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டிய இடம் அந்தத் தோட்டம் இருக்கும் கேரளப் பஞ்சாயத்து. உங்களுக்கு அங்கே வாக்கு இல்லை என்பதால் தனியாகக் கேட்காதீர்கள். அங்கேயே குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளர்களோடு சேர்ந்து கேளுங்கள்.

குழந்தைகள் இறப்பில் கேரளம்தான் நாட்டிலேயே குறைவு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். கூரை ஒழுகுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருத்துவர் இல்லை. அந்தப் பெருமையில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?
*ஒரு வாசகர், வண்டிப்பெரியார்*

பெரிய மாநிலங்களை வைத்துப் பார்த்தால் பெருமை உண்மையானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு இறப்புகளைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை இந்திய அளவில் 28, ஆந்திரத்தில் 24, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. இது பல்லாண்டுப் படிப்பும் உழைப்பும் சேர்ந்து கொடுத்த எண். ஆனால் 6 என்பது எர்ணாகுளத்தையும் உங்கள் லயத்தையும் ஒன்றாகக் கூட்டி வகுத்து வந்த சராசரி. எவருடைய குழந்தை அந்த 6-க்குள் விழுகிறது என்று சராசரி சொல்லாது. ஏற்றத்தாழ்வைக் குறைப்பதே நோக்கம் என்றால் தோட்டத்துக்குத் தனி எண், ஆதிவாசி ஊர்களுக்குத் தனி எண் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். செவிலியராக நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: தனியாக எண்ணப்படாதவரைத் தேடி எவரும் போவதில்லை.

உங்கள் நிலைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தோட்டத்துக்குள் வீடும் மருத்துவமும் கம்பெனியின் பொறுப்பு என்று சட்டம் சொன்னதால், அரசின் கை பல காலம் தோட்டத்து எல்லைக்கு வெளியிலேயே நின்றது. தேயிலைக்கு விலை இருந்தவரை டிஸ்பென்சரி நடந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி விலை விழுந்தபோது பீருமேடு வட்டத்தில் தோட்டங்கள் மூடப்பட்டன. அந்தத் தோட்டங்களில் சம்பளத்தோடு மருந்தும் நின்றது. ஆரம்ப சுகாதார நிலையம் இப்படி மூடிவிட்டுப் போக முடியாத ஒன்று. கம்பெனி டிஸ்பென்சரிக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஆண்டுகளில் உங்கள் குடும்பங்கள் பட்டுத்தான் அறிந்தன.

வீட்டையும் மருத்துவத்தையும் பிரித்துப் பார்க்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பக்கத்து ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தபோது 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்களே, அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸையும் கூலியையும் கேட்டு அமர்ந்தவர்கள் ஒழுகும் கூரையைப் பற்றியும் தேய்ந்த முதுகெலும்பைப் பற்றியும் பேசினார்கள். கூலி 301 ஆனது. கூரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு தேய்ந்துபோனது.

உங்களுக்குக் கையில் ஒரு கருவி இருக்கிறது. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது, திட்ட நிதியில் கணிசமான பங்கு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. 2017-இல் வந்த ஆர்த்ரம் இயக்கம் அந்த நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக மாற்றி, மாலை நேரத்திலும் மருத்துவர் பார்க்க வழி செய்தது. கொழுந்து எடுத்துவிட்டு வருபவருக்கு மாலை நேரம்தான் நேரம். உங்கள் பகுதி மையம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, வாரத்தில் ஒரு நாளாவது தோட்டத்துக்குள் மருத்துவர் வருகிறாரா என்று கிராம சபையில் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். தேவிகுளமும் பீருமேடும் 1956-இல் கேரளத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்பிருந்தே அங்கே உழைப்பவர்கள் நீங்கள். குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமில்லை.

என் தம்பி கேரளத்தில் வேலை செய்யும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சேர்த்த மருத்துவமனையில் தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை செல்லாது என்று சொல்லி, முன்பணம் கட்டும்வரை ஸ்டிரெச்சரிலேயே வைத்திருந்தார்கள். இது சரியா?
*ஒரு வாசகர், லோயர் கேம்ப்*

ஸ்டிரெச்சரில் காக்க வைத்தது தவறு. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் கடமை என்றது. 1996-இல் மேற்கு வங்கத்து வழக்கு ஒன்று வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியிருந்தன. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று அதில் தீர்ப்பு வந்தது. எந்த மாநிலத்து அட்டை என்ற கேள்வி இந்தத் தீர்ப்புகளில் எங்குமே இல்லை.

அட்டை விஷயம் சற்றுச் சிக்கலானது. 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் பெயர் உள்ள குடும்பம், அதில் சேர்ந்திருக்கும் மருத்துவமனையில் எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. கேரளத்தில் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி என்ற பெயரில் நடக்கிறது. ஆனால் முதலமைச்சர் திட்டத்தில் இருக்கும் எல்லோரும் மத்தியப் பட்டியலில் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற மாநில அளவுகோலில் மட்டும் சேர்ந்தவருக்கு எல்லை தாண்டிய உரிமை தானாக வந்துவிடாது. இரண்டு அட்டையும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் மலை ஏறுகிறவருக்கு இது தெரிவதில்லை. 14555 என்ற எண்ணில் உங்கள் குடும்பத்தின் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு கேட்பதற்கு நேரம் இருக்காது.

மலைப்பாதையில் ஜீப் கவிழ்வது நமக்குப் புதிதல்ல, ஆகவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து நடந்தால் 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் உள்ள இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் கேரளத்தவராக இருந்தாலும், அட்டையே இல்லாதவராக இருந்தாலும் அவருக்கு அது உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசும் சாலை விபத்துக்கு 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தது. அது நாடு முழுவதற்கும் பொருந்தும். இத்தகைய திட்டங்கள்தான் எல்லையோரத்துக்கு ஏற்றவை. அடிபட்டிருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குகின்றன.

கேரளத்திலேயே தங்கி வேலை செய்பவர்கள், பிற மாநிலத் தொழிலாளர்களுக்காக 2017-இல் அந்த அரசு தொடங்கிய ஆவாஸ் காப்பீட்டில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் அதில் உண்டு.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் கணவர் ராஜாக்காட்டுக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிடுகிறார். மாத்திரை இடையில் நின்றுவிடுகிறது.
*ஒரு வாசகி, போடிநாயக்கனூர்*

நிற்க விடாதீர்கள் அம்மா. இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும், வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் அதே கிருமிதான் பரவும். காசநோய் சிகிச்சை நாடு முழுவதும் நிக்ஷய் என்ற ஒரே பதிவில் நடக்கிறது. போடி அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவில் சொன்னால், அவர் பதிவை இடுக்கி மாவட்டத்துக்கு மாற்றித் தருவார்கள், மாத்திரையை ராஜாக்காட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அது அவர் வங்கிக் கணக்குக்கே வரும், எங்கே வேலை செய்தாலும் வரும்.

மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர நினைக்கிறோம். நாங்கள் ஆந்திரத்தில் இருப்பதால் உதவித்தொகை போய்விடுமா?
*ஒரு வாசகி, குப்பம்*

கர்ப்பம் தெரிந்த 12 வாரத்துக்குள் வாணியம்பாடியில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து எண் வாங்கச் சொல்லுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்கான திட்டம் அது. தவணைகள் பதிவையும், பரிசோதனைகளையும், அரசு மருத்துவமனைப் பிரசவத்தையும் பொறுத்து வருபவை. எனவே தாய்வீடு வருமுன் எந்தத் தவணைக்கு எந்தச் சான்று தேவை என்று அந்தச் செவிலியரிடமே கேட்டுக்கொண்டு வரட்டும். பிரசவச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அறுவைச் சிகிச்சை உட்பட அரசு மருத்துவமனைப் பிரசவம் எந்த மாநிலத்திலும் இலவசம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்காமல் பயணம் வேண்டாம்.

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 2013-இல் குழந்தைகள் இறந்த செய்திக்குப் பிறகு இங்கே எவ்வளவோ பணம் வந்தது. இன்னும் என் வகுப்புப் பெண் குழந்தைகளின் முகம் வெளிறியே இருக்கிறது. எங்கே தவறுகிறது?
*ஒரு வாசகி, அகளி*

டீச்சர், உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

அகளி, ஷோளையூர், புதூர் என்ற மூன்று பஞ்சாயத்துகளில், 190-க்கும் மேற்பட்ட ஊர்களில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிறார்கள். கோட்டத்தறையில் அரசு பழங்குடியினர் மருத்துவமனை இருக்கிறது. 2013-க்குப் பிறகு கேரளத்தின் மகளிர் குழு இயக்கமான குடும்பஸ்ரீ வழியாகச் சமுதாயச் சமையற்கூடங்களும் வந்தன. பணமும் கட்டடமும் உதவியிருக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ராகியும் சாமையும் துவரையும் விளைந்த நிலம் கைவிட்டுப் போனபோதே தட்டிலிருந்து சத்தும் போய்விட்டது. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும், ரத்தத்தை ஊறவைக்காது. நிலத்தை இழந்ததால் வந்த சோகையை மாத்திரைப் பட்டையால் மட்டும் தீர்க்கப் பார்ப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான். உடல்நலத் துறை தன் வேலையைச் செய்யட்டும். அதே மேசையில் வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் உட்கார வேண்டும். சமையற்கூடத்துக்கு வாங்கும் தானியம் அந்தந்த ஊரிலேயே விளைந்த சிறுதானியமாக இருந்தால் ஒரே செலவில் இரண்டு வேலை நடக்கும்.

இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் பகுதியில் அரிவாள் செல் சோகை உண்டு; ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. வெளிறிய பிள்ளைக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை என்று கொடுத்துவிடக் கூடாது. இரும்புக் குறைவா, அரிவாள் செல்லா, குடற்புழுவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூட்டு வலி, அடிக்கடி காய்ச்சல், கண் மஞ்சள் உள்ள பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்து, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கொடுங்கள். பரிசோதித்த அட்டை அந்தப் பெண் கல்யாணமாகி ஆனைகட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போகும்போது கூடவே போக வேண்டும். பிரசவ அறையில் அந்த அட்டை ஓர் உயிரைக் காக்கும்.

கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கும் துணை மையத்தை அமைக்கும் கணக்கையும் சொல்ல வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 30,000-க்கும் 20,000-க்கும் ஒன்று. சலுகைதான். ஆனால் இரண்டுமே தலையைத்தான் எண்ணுகின்றன. மலையில் எண்ண வேண்டியது நடக்கும் நேரம். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக 2010-இல் உருவான இடமலக்குடியிலிருந்து நோயாளிகளைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கி வந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த ஊரிலிருந்தும் இத்தனை நிமிடத்துக்குள் ஒரு செவிலியரை அடைய வேண்டும் என்று விதி எழுதினால், கட்டடம் எங்கே வர வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நான் பொருளாதாரம் படிக்கும் மாணவன். இத்தனை திட்டங்களால் உண்மையில் இடைவெளி குறைந்திருக்கிறதா? நீங்கள் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?
*ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை*

குறைந்திருக்கிறது தம்பி. தேசிய சுகாதாரக் கணக்கைப் பாருங்கள். மருத்துவத்துக்கு நாடு செலவிடும் மொத்தத் தொகையில் மக்கள் தம் கைப்பணத்தில் கொடுத்தது 2013-14-இல் 64.2 விழுக்காடு, 2021-22-இல் 39.4 விழுக்காடு. பெரிய மாற்றம்தான். ஆனாலும் நூற்றுக்கு முப்பத்தொன்பது ரூபாயை நோயாளியே கட்டுகிறார் என்பதையும் மறக்க முடியாது. 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்று 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-இல் அது 1.84-இல் நின்றது.

காப்பீட்டைவிட நான் உயர்வாக நினைப்பது மருந்து விநியோகத்தை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவாகி, மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சோதித்து ஊர் ஊருக்கு அனுப்பத் தொடங்கியது. அதன் பிறகுதான் எங்கள் துணை மைய அலமாரி நிறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்தது. கேரளமும் பிறகு அப்படி ஒரு கழகத்தை அமைத்தது. காப்பீடு மருத்துவமனையில் படுத்தவருக்கு உதவும். படுக்காமல் காப்பது இந்த அலமாரிதான்.

மாற்றச் சொன்னால் ஒன்றைக் கேட்பேன். தேனிக்கும் இடுக்கிக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வேண்டும். தினமும் எல்லை கடக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதில் ஒரு வரி, அதை இரு பக்கச் செவிலியரும் திறந்து பார்க்கும் உரிமை. முடியாத காரியமா? போலியோவில் செய்தோம். 1995-இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து தொடங்கிய பிறகு பஸ் நிலையத்திலும் சோதனைச் சாவடியிலும் முகாம் போட்டு, வந்த குழந்தை எந்த மாநிலம் என்று கேட்காமல் வாயில் இரண்டு சொட்டு விட்டு விரலில் மை வைத்தோம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று சான்றிதழும் வந்தது. கொரோனாக் காலத்தில் எல்லை கடக்க இ-பாஸ் கேட்டபோது, யார் எங்கே போகிறார் என்ற விவரம் முழுவதும் பதிவானது. நோய் பரவும் என்ற பயம் இருந்தபோது எண்ண முடிந்தவர்களை, அவர்களுடைய சொந்த ரத்த அழுத்தத்துக்காகவும் எண்ண முடியும். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இரண்டு அரசுகள் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் கேட்டு மனு எழுத நினைக்கிறோம். எங்கே கொடுப்பது?
*மகளிர் குழு உறுப்பினர்கள், கூடலூர் வட்டாரம்*

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மனுவாகக் கொடுப்பதைவிடத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், தீர்மான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பேரூராட்சி, நகராட்சிப் பகுதிகளில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் வைக்கச் சொல்லலாம். ஜீப் நிறுத்தத்தில் வாரம் இருமுறை விடியற்காலைப் பரிசோதனை, இரவில் மாத்திரை விநியோகம், இரு மாவட்டப் பொதுப் பதிவேடு ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். எந்த ஜீப் நிறுத்தத்திலிருந்து எத்தனை பெண்கள் போகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு மாத்திரை உண்டு என்று நீங்களே ஒரு வாரம் எண்ணி அந்தத் தாளையும் இணையுங்கள். ஒரு படி தேனி ஆட்சியருக்கு, ஒரு படி இடுக்கி ஆட்சியருக்கு. இடுக்கிக்குப் போகும் படியை மலையாளத்தில் எழுதித் தர குமுளியில் ஆள் இருக்கிறார்கள். எண்ணும் நாட்களில் நானும் விடியற்காலையில் வந்து நிற்கிறேன், ரத்த அழுத்தக் கருவியோடு.